அமுக்கத்துக்கு அளவு சொன்ன ஹாரி ரிக்கார்டோ

கல்கத்தாவுக்குப் போய் ஹௌரா ஸ்டேஷனில் இறங்கியவர்கள் நம் பழைய மாணவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தச் செங்கல் கட்டடத்தையும் கோபுரங்களையும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் டாக்ஸி பிடித்திருப்பீர்கள். 1905-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் ஹால்ஸி ரிக்கார்டோ என்ற லண்டன் ஆர்க்கிடெக்ட். நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல, அவருடைய மகன் ஹாரியைப் பற்றி. மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஐ.சி. என்ஜின்ஸ் பேப்பரில் ஒரு இரண்டு மார்க் கேள்வியாக வந்து போயிருக்கும். டர்புலன்ட் ஹெட், காமெட் சேம்பர் என்று மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு, வைவா முடிந்ததும் மறந்திருப்போம்.

மறக்கக் கூடாத மனிதர் அவர். பழைய அம்பாஸடரையோ ஃபியட்டையோ ஆசையாக வைத்திருக்கிற நண்பர்கள் என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, எந்த பிஸ்டன் போடலாம், ஹெட்டை எவ்வளவு சீவலாம், கம்ப்ரஷன் எவ்வளவு வைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்களே, அந்தக் கேள்விக்கு முதன்முதலில் நம்பர் வைத்துப் பதில் சொன்னவர் இவர்தான். வேறு டிபார்ட்மென்ட்காரர்களுக்கும் புரிகிற மாதிரி எழுது என்று மலர்க் குழுவில் ஒரு சீனியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முயற்சி பண்ணுகிறேன்.

ஹாரி ரால்ஃப் ரிக்கார்டோ 26.1.1885 அன்று லண்டனில் பிறந்தார். பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தெரிந்த டேவிட் ரிக்கார்டோவின் குடும்ப வழி. அம்மா கேத்தரினின் அப்பா, சர் அலெக்சாண்டர் மெடோஸ் ரெண்டல், இந்திய ரயில்வேக்களுக்கு ஆலோசகராக இருந்த பெரிய சிவில் என்ஜினியர். சிந்து நதியின் மேல் சுக்கூரில் நிற்கிற லான்ஸ்டவுன் பாலம் அவருடைய டிசைன்தான். ஆக, அப்பா பக்கம் ஓவியக் கண், தாத்தா பக்கம் இரும்பு. பையனுக்குப் பத்து வயசிலேயே லேத்தில் வேலை பழக்கம். சின்னச் சின்ன நீராவி என்ஜின்கள் செய்து பார்த்துக்கொண்டிருந்தான். 1898-ல் தாத்தா ஒரு மோட்டார் கார் வாங்கினார். இங்கிலாந்திலேயே கார் என்ற வஸ்துவை அதுவரை பார்த்தவர்கள் குறைவு. பதின்மூன்று வயசுப் பையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பான் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ரக்பி பள்ளிக்குப் பிறகு 1903-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். சிவில் என்ஜினியராக வேண்டும், தாத்தாவின் கம்பெனியில் சேர வேண்டும் என்பது வீட்டில் போட்டு வைத்திருந்த கணக்கு. அந்தக் கணக்கைக் கெடுத்தது ஒரு போட்டி. 1904-ல் யூனிவர்சிட்டி ஆட்டோமொபைல் கிளப் ஒரு பந்தயம் வைத்தது. வேகப் பந்தயம் அல்ல, சிக்கனப் பந்தயம். ஒரு குவார்ட் பெட்ரோல், அதாவது சுமார் 1.14 லிட்டர், கொடுத்துவிடுவார்கள். யார் ரொம்ப தூரம் போகிறார்களோ அவர் ஜெயித்தார். ரிக்கார்டோ தானே டிசைன் செய்த ஒற்றை சிலிண்டர் என்ஜினை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு 40 மைல் ஓட்டி ஜெயித்துவிட்டார். அன்றைக்கு அது பெரிய விஷயம்.

இதைக் கவனித்தவர் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன். பையனை அப்படியே தன் லேபுக்குள் இழுத்துக்கொண்டார். என்ஜினை ஓட்டுவது வேறு, என்ஜினுக்குள்ளே என்ன நடக்கிறது என்று அளப்பது வேறு. இரண்டாவதை ரிக்கார்டோ கற்றது இவரிடம்தான். ஒரு நல்ல வாத்தியார் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று இந்த மலரை வாசிக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. 1906-ல் பட்டம் வாங்கியும் ரிக்கார்டோ இன்னொரு வருஷம் அங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்தார். ஹாப்கின்சன் 1918 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துபோனார். மாணவன் அடைந்த உயரத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நடுவில் ஒரு தொழில் முயற்சி. சித்தப்பா, பெரியப்பா மக்களாகச் சேர்ந்து ஆரம்பிக்கிற கம்பெனிகளுக்கு நம்ம ஊரில் என்ன நடக்கிறதோ அதேதான் அங்கேயும். உறவுக்காரர் ரால்ஃப் ரிக்கார்டோவுடன் ஷோர்ஹாம் என்ற கடலோர ஊரில் டூ-ஸ்ட்ரோக் என்ஜின் வைத்த டால்ஃபின் கார் செய்தார்கள். நல்ல கார்தான். ஆனால் விற்கிற விலையை விட அடக்கச் செலவு அதிகம்! அதே என்ஜினை மீன்பிடிப் படகுகளுக்கு விற்றதில் கொஞ்சம் பரவாயில்லை. கடைசியில் கம்பெனி மூடப்பட்டது, ரால்ஃப் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஹாரி தாத்தாவின் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, ராத்திரியில் தன் என்ஜின் வேலையைத் தொடர்ந்தார். 1911-ல் பீட்ரிஸ் ஹேல் என்ற ஓவியக் கல்லூரி மாணவியைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று பெண் குழந்தைகள். குடும்ப வாழ்க்கையில் பெரிய அலையடிப்பு எதுவும் கிடையாது. அதனால் அதை இத்தோடு விட்டுவிட்டு முதல் உலகப் போருக்கு வருவோம்.

1916-ல் பிரிட்டிஷ் ராணுவம் டாங்கிகளைப் போர்க்களத்தில் இறக்கியது. முதல் டாங்கிகளில் இருந்தது 105 குதிரைத்திறன் டெய்ம்லர் ஸ்லீவ் வால்வ் என்ஜின். கொஞ்ச நேரம் ஐடிலில் நின்றுவிட்டு ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் ஒரே நீலப் புகை. எண்ணெய் எரிகிற புகை. எதிரிக்கு இதோ இங்கே இருக்கிறேன் என்று கொடி காட்டுகிற மாதிரி. உள்ளே இருக்கிற எட்டுப் பேர் உயிர் அந்தப் புகையில் தொங்கியது. டாங்கிகளை ரயில் வேகனில் ஏற்றுவதற்கு யோசனை கேட்கத்தான் ரிக்கார்டோவிடம் முதலில் வந்தார்கள். போன இடத்தில் அவர் கண்ணில் பட்டது இந்தப் புகை.

புது என்ஜின் டிசைன் செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. நிபந்தனைகளைக் கேளுங்கள். 150 குதிரைத்திறன் வேண்டும், புகை வரக் கூடாது. அலுமினியம் கிடையாது, உயர் ரக எஃகும் கிடையாது, எல்லாம் விமானத்துக்குப் போய்விட்டது. பெட்ரோலும் மட்டமான பெட்ரோல்தான், நல்ல சரக்கு விமானப் படைக்கு. வயசோ முப்பத்தொன்று. இந்தக் கட்டுரையை எழுதும்போது என் வயசை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அவர் கப்பல் என்ஜின்களில் உள்ள கிராஸ்ஹெட் முறையை எடுத்தார். சாதாரண பிஸ்டன், மேலும் கீழும் போகிற வேலையோடு, கனெக்டிங் ராட் பக்கவாட்டில் தள்ளுகிற தள்ளையும் தாங்குகிறது. அதனால் சிலிண்டர் சுவரில் எண்ணெய் நிறைய வேண்டும், அந்த எண்ணெய் மேலே ஏறி எரிகிறது. ரிக்கார்டோ இரண்டு வேலையையும் பிரித்துவிட்டார். மேலே பிஸ்டன், கீழே பக்கத் தள்ளைத் தாங்க தனி வழிகாட்டி. உள்ளே இழுக்கிற காற்றை அந்த வழிகாட்டியைச் சுற்றிக் கொண்டுவந்து அதைக் குளிர வைத்தார். எண்ணெய் மேலே ஏறவில்லை, புகை நின்றது. ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன். 1917-ல் உற்பத்தி தொடங்கி ஆயிரக்கணக்கில் செய்தார்கள். மார்க் 5 டாங்கி இதனால் ஓடியது. ஆஸ்பத்திரிகளுக்கும் ராணுவ முகாம்களுக்கும் கரண்ட் கொடுக்கவும் இதே என்ஜினை வைத்தார்கள். இதில் கிடைத்த உரிமைத் தொகையை வைத்துத்தான் ஷோர்ஹாமில் பிரிட்ஜ் ஒர்க்ஸ் என்ற தன் சொந்த லேபை 1919-ல் கட்டினார்.

இனிமேல்தான் நம்ம சப்ஜெக்ட். கம்ப்ரஷன் ரேஷியோ என்றால் என்ன என்று சிவில், கம்ப்யூட்டர் நண்பர்களுக்காக ஒரு வரி. பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டருக்குள் உள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் மேலே போனபின் மிச்சம் இருக்கிற இடத்தால் வகுத்தால் வருவது அது. எவ்வளவு இறுக்கி எரிக்கிறோமோ அவ்வளவு லாபம். புத்தகக் கணக்குப்படி ரேஷியோ 4 என்றால் வெப்பத்தில் 42.6 சதவீதம் வேலையாகும், 6 என்றால் 51.2, 8 என்றால் 56.5. நிஜ என்ஜினில் இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தால் அதிகம், ஆனால் போக்கு இதுதான்.

அப்படியென்றால் எல்லோரும் 8 வைத்துவிட வேண்டியதுதானே? வைத்தார்கள், என்ஜின் உடைந்தது. ஒரு அளவுக்கு மேல் இறுக்கினால் உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரி டங் டங் என்று சத்தம் வரும். மேட்டில் டாப் கியரில் இழுக்க வைத்தால் பழைய வண்டிகளில் வருமே, அதேதான். நாக்கிங். ரொம்ப நேரம் விட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். முதல் உலகப் போருக்கு முன்னால் இது எதனால் வருகிறது என்பதில் ஒரே குழப்பம். ஸ்பார்க் ப்ளக் கரெக்டாக இல்லை என்றார்கள், கரி படிந்து பழுத்து முன்கூட்டியே பற்றவைக்கிறது என்றார்கள்.

போர்க்காலத்திலேயே ரிக்கார்டோ இதைக் கையில் எடுத்திருந்தார். ஷெல் கம்பெனியின் சர் ராபர்ட் வேலி கோஹன் பல ஊர் பெட்ரோல் சாம்பிள்களைக் கொடுக்க, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். அதில் ஒன்று மற்றவற்றை விட எவ்வளவோ மேலே நின்றது. எவ்வளவு இறுக்கினாலும் சத்தம் போடவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், போர்னியோ. அதை என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், காட்டிலேயே கொளுத்திவிடுகிறார்கள்! ஏனென்றால் அன்றைக்குப் பெட்ரோலின் தரத்தை ஹைட்ரோமீட்டரை வைத்துத்தான் சொன்னார்கள். லேசாக இருந்தால் நல்ல சரக்கு, கனமாக இருந்தால் மட்டம். போர்னியோ எண்ணெயில் அரோமேட்டிக்ஸ் அதிகம், அதனால் கனம் அதிகம், அதனால் அதைப் பெட்ரோல் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உலகத்திலேயே சிறந்த பெட்ரோல்களில் ஒன்றை நெருப்பு வைத்து அழித்துக்கொண்டிருந்தார்கள். விமானங்களுக்கு நல்ல பெட்ரோல் இல்லாமல் தவித்த நேரத்தில்! சம்பந்தம் இல்லாத ஒன்றை அளந்துவிட்டு அதைத் தரம் என்று சொன்னதால் வந்த வினை.

போர் முடிந்ததும் ஷெல்லின் ஆதரவில் முறையான ஆராய்ச்சி ஆரம்பமானது. கூட இருந்த இருவரும் சாமானியர்கள் அல்ல. ஒருவர் ஹென்றி டிசார்ட், பின்னால் 1935-ல் பிரிட்டனில் ரேடார் பிறக்கக் காரணமான கமிட்டிக்குத் தலைமை வகித்தவர். இன்னொருவர் டேவிட் பை. இவர்களுக்காக ரிக்கார்டோ செய்த என்ஜின்தான் இ-35. ஒற்றை சிலிண்டர். போர் நாலரை அங்குலம், ஸ்ட்ரோக் எட்டு அங்குலம், இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. இதில் என்ன விசேஷம் என்றால், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரையும் ஹெட்டையும் சேர்த்து மேலே தூக்கலாம், கீழே இறக்கலாம். பிஸ்டன் போகிற தூரம் மாறாது, மேலே மிச்சமாகிற இடம் மட்டும் மாறும். ரேஷியோவை 4-க்கும் கீழிருந்து 8 வரை கொண்டுபோகலாம். ஹெட்டைக் கழற்ற வேண்டாம், பிஸ்டனை மாற்ற வேண்டாம். நம்ம தெர்மல் லேபில் கம்ப்ரஷனை மாற்றி மாற்றி ரீடிங் எடுக்கச் சொல்வார்களே, அந்த ரிக்குக்குக் கொள்ளுத் தாத்தா இது. பேட்ச்மேட்டின் ரீடிங்கைக் காப்பியடித்த சீனியர்கள் இப்போது கொஞ்சம் நன்றியோடு நினைத்துப் பார்க்கலாம்.

ஒவ்வொரு எரிபொருளையும் ஊற்றி, சத்தம் வருகிற வரை இறுக்கிப் பார்த்தார்கள். அந்த எல்லைக்கு உச்ச பயனுள்ள கம்ப்ரஷன் ரேஷியோ என்று பெயர் வைத்தார் ரிக்கார்டோ. அன்றைய பெட்ரோல்கள் பெரும்பாலும் 5-ஐ ஒட்டியே நின்றுவிட்டன. பென்ஸீன் கிட்டத்தட்ட 7 வரை போனது. எதைப் போட்டாலும் சத்தம் போடாதவை டொலுவீனும் ஆல்கஹாலும். டொலுவீனை அளவுகோலாக வைத்து எரிபொருள்களுக்கு மார்க் போடும் முறையையும் கொண்டுவந்தார். இன்றைக்கு பங்கில் நாம் பார்க்கிற ஆக்டேன் நம்பர் 1926-ல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு மூத்தது இந்த டொலுவீன் நம்பர். ஆல்கஹாலைப் பற்றி அவர் அன்றைக்கு எடுத்த ரீடிங்குகளை, இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருக்கிற காலத்தில் எடுத்துப் பார்ப்பது நல்லது. நாக்கிங்கைத் தாங்குவதில் எத்தனாலுக்கு நிகர் இல்லை. பழைய வண்டிகளின் ரப்பர் குழாயும் கார்புரேட்டரும் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

நாக்கிங்குக்குக் காரணமும் தெளிவானது. ப்ளக்கில் பற்றிய நெருப்பு அறைக்குள் பரவிக்கொண்டே வருகிறது. வரும்போது முன்னால் இருக்கிற, இன்னும் எரியாத வாயுவை ஒரு மூலையில் தள்ளி நெருக்குகிறது. நெருக்கினால் சூடாகும். நெருப்பு வந்து சேர்வதற்குள் அந்த மூலையில் இருப்பது தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொண்டால், அதுதான் டங். திருவிழாக் கூட்டம் கோவில் வாசலில் நெருக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் ஆபத்து.

இந்தப் புரிதலிலிருந்து வந்ததுதான் டர்புலன்ட் ஹெட். அந்தக் காலத்து மலிவு கார்களில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், கீழே பிளாக்கில் இருக்கும். சைட் வால்வ் என்ஜின். செய்வது சுலபம், ஆனால் எரி அறை பிஸ்டனுக்கு மேலேயும் வால்வுகளுக்கு மேலேயும் தட்டையாகப் பரந்து கிடக்கும். நெருப்பு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து போக வேண்டும். அந்தத் தூரக் கோடியில் நாக்கிங். ரிக்கார்டோ என்ன செய்தார் என்றால், தூரப் பக்கத்தில் ஹெட்டைப் பிஸ்டனை ஒட்டித் தாழ்த்திவிட்டார். பிஸ்டன் மேலே வரும்போது இடைவெளி ரொம்பக் கொஞ்சம். இரண்டு உள்ளங்கையையும் தண்ணீருக்குள் பட்டென்று சேர்த்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் இல்லையா, அந்த மாதிரி அங்கே இருக்கிற வாயு பீய்ச்சிக்கொண்டு வால்வு பக்கம் ஓடுகிறது. ஓடுவதால் கலக்கம், கலக்கத்தால் எரிதல் வேகம். மிச்சம் மீதி அங்கே தங்கினாலும் இரண்டு குளிர்ந்த உலோகப் பரப்புகளுக்கு நடுவே தோசை மாதிரி மெல்லிசாக இருப்பதால் சூடேறிப் பற்றாது. ஒரு வார்ப்படத்தின் வடிவத்தை மாற்றியதில், மட்டம் என்று ஒதுக்கப்பட்ட சைட் வால்வ் என்ஜின் ஓவர்ஹெட் வால்வ் என்ஜினோடு போட்டி போட்டது. பல வருஷங்களுக்குப் பல கம்பெனிகள் இதே ஹெட்டை வைத்து வண்டி விற்றன.

இங்கே கொஞ்சம் நின்று, பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஐம்பதுகள், அறுபதுகளில் வந்த பிரிட்டிஷ் கார்களில் ஒரே என்ஜினை ஹை கம்ப்ரஷன், லோ கம்ப்ரஷன் என்று இரண்டு விதமாக விற்றார்கள். நல்ல பெட்ரோல் கிடைக்கிற நாட்டுக்கு ஒன்று, கிடைக்காத நாட்டுக்கு ஒன்று. பல என்ஜின்களில் வித்தியாசம் பிஸ்டன் தலையில் உள்ள டிஷ், அதாவது குழிவில் மட்டும்தான். போர் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 89 மி.மீ. உள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் நகர்கிற இடம் 447 சி.சி. மேலே மிச்சம்: ஹெட்டில் உள்ள அறை 43 சி.சி., கேஸ்கெட் 0.9 மி.மீ. தடிமனில் கிட்டத்தட்ட 4.8, பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு 0.6 மி.மீ. கீழே நிற்பதால் 3, டிஷ் 7. மொத்தம் 57.8 சி.சி. ரேஷியோ 8.7. டிஷ் 7-க்குப் பதில் 16 சி.சி. என்றால் ரேஷியோ 7.7 ஆகிவிடும். டிஷ்ஷே இல்லாத தட்டைப் பிஸ்டன் என்றால் 9.8. பாருங்கள், இரண்டு டீஸ்பூன் கூட நிரம்பாத 9 சி.சி. குழிவு ஒரு முழு ரேஷியோவையே சாப்பிட்டுவிடுகிறது. பிஸ்டன் வாங்கும்போது ஓவர்சைஸ் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு டிஷ் எவ்வளவு என்று கேட்காமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

கேட்லாக்கை நம்ப வேண்டாம், அளந்துவிடலாம். பிஸ்டனை பிளாக் மட்டத்திலிருந்து சரியாக 10 மி.மீ. கீழே இறக்குங்கள். ஓரத்தில் கிரீஸ் தடவுங்கள். மேலே ஓட்டை போட்ட ஒரு பெர்ஸ்பெக்ஸ் தகடு. கெமிஸ்ட்ரி லேபில் உடைக்காமல் மிச்சம் வைத்த ப்யூரெட் ஒன்றில் மண்ணெண்ணெய் எடுத்துக் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். 80 மி.மீ. போரில் 10 மி.மீ. ஆழத்துக்கு 50.3 சி.சி. பிடிக்கும். 57.3 பிடித்தால் டிஷ் 7 சி.சி. அவ்வளவுதான். நாலு சிலிண்டருக்கும் செய்ய ஒரு மணி நேரம்.

சரி, ரேஷியோவைக் குறைக்க வேண்டும், ஆனால் டிஷ் பிஸ்டன் கிடைக்கவில்லை. தடிமனான கேஸ்கெட் போட்டால் என்ன? பலர் இதைத்தான் செய்கிறார்கள். கணக்குப்படி 1.7 மி.மீ. கூடுதல் தடிமன் போட்டால் அதே 9 சி.சி. கிடைக்கும். ரேஷியோவும் அதே 7.7. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான், என்ஜினுக்கு ஒன்றல்ல. டிஷ் பிஸ்டனில் குழிவு நடுவில் இருக்கிறது, சுற்றி இருக்கிற தட்டை விளிம்பு இன்னும் ஹெட்டுக்கு ஒன்றரை மி.மீ. தூரத்தில்தான் வருகிறது. தடிமன் கேஸ்கெட்டில் அந்தத் தூரம் 3.2 மி.மீ. ஆகிவிடும். பீய்ச்சுவது போச்சு, மெல்லிசுத் தோசை போச்சு. ரேஷியோவைக் குறைத்தும் மேட்டில் டங் டங் கேட்கிறதே என்று மெக்கானிக் தலையைச் சொறிவார். ரிக்கார்டோ கேட்டிருந்தால் நம்பரைச் சொல்லாதே, வடிவத்தைக் காட்டு என்ற பக்கம்தான் நின்றிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறு வழி பிடித்தார்கள். 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் துளி ஈயச் சேர்மம் கலந்தால் நாக்கிங் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். மலிவு, சுலபம். உலகம் முழுக்க அதன் பின்னால் போனது. அந்த ஈயம் புகையோடு வெளியே வந்து குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்ததையும், நம் நாட்டில் 2000-ல்தான் அதை முழுக்க நிறுத்தினோம் என்பதையும், உலகத்தில் கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது என்பதையும் ஜூனியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அறையின் வடிவத்தைச் சரிசெய், நல்ல எரிபொருளைத் தேர்ந்தெடு என்பது கஷ்டமான வழி. மருந்து ஊற்று என்பது சுலபமான வழி. ஈயம் இல்லாமலே இன்றைய என்ஜின்கள் 10-க்கு மேல் ரேஷியோவில் ஓடுகின்றன. அதற்கு அடிப்படையான பல பாடங்கள் ஷோர்ஹாமில் எடுத்த ரீடிங்குகளில் இருந்தன.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரையம்ஃப் கம்பெனிக்காக நாலு வால்வு வைத்த 500 சி.சி. மோட்டார் சைக்கிள் என்ஜின் செய்தார். 1922 சீனியர் டி.டி. பந்தயத்தில் அது இரண்டாவதாக வந்தது. மோட்டார் சைக்கிள் பிரியர்கள் ரிக்கி என்று இன்றும் செல்லமாகச் சொல்வது இதைத்தான். 1931-ல் டீசலுக்காக காமெட் அறை. பக்கத்தில் ஒரு உருண்டைக் குழி, அதற்குள் காற்று சுழன்றுகொண்டே நுழையும், அந்தச் சுழலில் டீசலைத் தெளித்தால் சுத்தமாக எரியும். லண்டன் பஸ்களுக்கான ஏ.இ.சி. என்ஜின்களில் முதலில் போனது. சிட்ரோயன் ரோஸலி காரில் சின்ன டீசல் என்ஜினாக வந்தது. டீசல் என்றால் லாரிக்குத்தான் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. அறுபது வருஷத்துக்கு மேல், நேரடி இன்ஜெக்ஷன் பரவுகிற வரை, கார் டீசல்களில் இந்தச் சுழல் அறைக் குடும்பம்தான் ராஜ்யம் பண்ணியது.

எல்லாம் ஜெயித்தார் என்றும் சொல்ல முடியாது. விமான என்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு சிவக்கப் பழுத்து நாக்கிங்கைக் கிளப்புகிறது, வால்வையே எடுத்துவிட்டு ஸ்லீவ் போட்டால் கம்ப்ரஷனை ஒரு புள்ளி ஏற்றலாம் என்று வருஷக்கணக்கில் உழைத்தார். புகை விட்ட டெய்ம்லர் ஸ்லீவை ஒழித்துக்கட்டியவரே இன்னொரு வகை ஸ்லீவுக்கு வக்கீலானார் பாருங்கள்! பிரிஸ்டல் ஹெர்குலிஸ், நேப்பியர் சேபர் என்று இரண்டாம் உலகப் போரில் பெரிய என்ஜின்கள் அந்த வழியில் வந்தன, நன்றாகவே உழைத்தன. ஆனால் அதற்குள் சோடியம் நிரப்பிய வால்வுகளும் 100 ஆக்டேன் பெட்ரோலும் வந்து சாதாரண வால்வு என்ஜினையும் தூக்கி நிறுத்திவிட்டன. பிறகு ஜெட் வந்தது, பேச்சே முடிந்தது. அவர் சொன்ன காரணம் தப்பில்லை. அந்தச் சிக்கலுக்கு மற்றவர்கள் வேறு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். ஆராய்ச்சியில் இதுவும் உண்டு என்று பி.ஹெச்.டி. பண்ணுகிற தம்பி தங்கைகள் மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

1929-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1944-ல் மெக்கானிக்கல் என்ஜினியர்கள் சங்கத்துக்குத் தலைவர், 1948-ல் சர் பட்டம். இருபதுகளில் எழுதி, பின்னால் பல பதிப்புகள் திருத்திய அதிவேக என்ஜின் புத்தகம் நம் தலைமுறை வரை பல லைப்ரரிகளில் இருந்தது. பிடித்துப் பார்த்தால் தெரியும், சமன்பாடுகள் குறைவு, படங்களும் ரீடிங்குகளும் அதிகம். ஒரு விஷயம் ஏன் நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற நடை. 1964-ல் ஓய்வு பெற்றார். 1968-ல் சுயசரிதை வெளிவந்தது. அதில் பாதிக்கு மேல் தன்னைப் பற்றி அல்ல, இயந்திரங்களைப் பற்றி.

1974-ல், 89 வயசில், தவறி விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கழித்து, மே 18 அன்று, ஸஸெக்ஸ் கிராமத்தில் காலமானார். வோக்ஸ்வாகன் கோல்ஃப் டீசல் கார் சந்தைக்கு வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1976-ல். அதன் ஹெட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஒரு சுழல் அறை.